டங்குன்னா இரும்பு, டொக்குன்னா ஃபைபர்

எங்க கனகராஜ் மாமா எதப் பாத்தாலும் தட்டிப் பாப்பாரு. காடி, காருதான், வாங்கப் போனா கதவத் தட்டுவாரு. கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு மேசயத் தட்டுவாரு. எங்கப்பா குடல் ஆபரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ பாக்க வந்தவரு, கட்டில் கம்பிய விரல மடக்கி டங்கு டங்குன்னு தட்டிட்டு, "நல்ல பைப்பு லா மச்சான். பயப்படாம படு"ன்னாரு. எங்கப்பாவுக்குக் கட்டிலப் பத்தி ஒரு கவலயும் இல்ல.

மாமா ஈப்போ மெங்லெம்புல, எண்ண லாரிக்கு டாங்கி செய்யற பட்டறையில வெல்டர். பேசறதும் வெல்டிங் மாதிரிதான். ஒரு பொட்டு வெப்பாரு. நிறுத்துவாரு. ஆறட்டும்னு பாப்பாரு. அப்புறம் அடுத்த பொட்டு. "சோறு... தின்னியா... நீ?" புஷ்பலதா அத்தை, எங்கப்பாவோட அக்கா, அதுக்கு நேரெதிர். மூச்சே விடாது. "தின்னானா தின்னலயான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா, வாடா சாமி, உக்காரு, கருவாட்டுக் கொழம்பு இருக்கு, உங்கம்மா என்னத்த ஆக்கிப் போட்டா, ரசமா, எனக்குத் தெரியும் ரசம்தான்." மாமா அடுத்த பொட்டு வெக்கறதுக்குள்ள தட்டுல சோறு விழுந்துரும்.

நான் அத்தை மாதிரி பேசிக் காட்டுனா மொத்தக் குடும்பமும் சிரிக்கும். அத்தையும் நல்லா சிரிச்சிட்டு, அப்புறம் கரண்டிய எடுத்துக்கிட்டு வரும்.

ரெண்டு பேரும் பொறந்தது கோலா கங்சார் போற ரோட்டுல, எட்டாங்கட்டைத் தோட்டத்துல. கித்தாத் தோட்டம், ரப்பர் மரம். கல்யாணம் கட்டி அங்கயே கம்பெனி குடுத்த லயத்து வீட்டுலதான் குடித்தனம். அப்புறம் தோட்டத்த வித்தாங்க. வாங்குனவங்க லயத்த இடிச்சாங்க. மாமா அன்னிக்கு ஐஸ்பெட்டிய ஒத்த ஆளா முதுகுல தூக்கிட்டு வந்ததாச் சொல்லுவாரு. அத்தை உடனே, "ஐஸ்பெட்டி லாரியிலதான் வந்துச்சு, இவரு தூக்குனது ரெண்டு தலவாணி"ன்னு திருத்தும். கொஞ்ச நாளைக்கு இருங்கன்னு நீட்டமா ஒரு பலக வீட்டக் கட்டிக் குடுத்தாங்க. அந்தக் கொஞ்ச நாளு மாமாவுக்குத் தல நரைக்கற வரைக்கும் போச்சு. அப்புறம் அந்த நெலமும் கைமாறிச்சு. கடசியா புந்தோங்ல நாலாவது மாடியில வாடகை வீடு. புள்ளகுட்டி இல்ல. இருந்த செல்லமெல்லாம் எனக்குத்தான்.

அத்தையோட அலமாரியில, பட்டுச் சேலைக்கு அடியில, மஞ்சத் துணியில சுத்தி ஒரு செப்புத் தகடு இருந்துச்சு. உள்ளங்கை அளவுதான். கட்டங்கட்டமா கோடு போட்டு எழுத்து வெட்டியிருக்கும். கல்யாணத்தப்போ அத்தையோட அம்மா பூச பண்ணிக் குடுத்தது. சொந்தமா வீடு கட்டுறப்போ வாசக்கால் அடியில வெக்கணும். வீட்டுக்கு அதுதான் காவல். லயத்துல வெக்கல, அது கம்பெனி வீடு. பலக வீட்டுல வெக்கல. நாலாவது மாடியில தோண்டுனா மூணாவது மாடிக்காரன் சண்டைக்கு வருவான்.

"இங்கயே அலமாரி அடியில வெச்சிரேன் லா"ன்னு மாமா ஒரு தடவ கேட்டாரு.

"வாடகை வீட்டுல வெச்சா யோகமெல்லாம் வீட்டுக்காரனுக்குப் போயிரும். ஏற்கனவே அவனுக்கு ரெண்டு காடி"ன்னுச்சு அத்தை.

இப்படி இருக்கறப்போதான் மாமா லூமுட்டுக்குப் போனாரு. படகுத்துறையில ஒரு டச்சுக்காரரோட பாய்ப்படகுல கைப்பிடிக் கம்பி ஒடஞ்சு போச்சு, வெல்டர் வேணும்னு பட்டறைக்கு ஆள் வந்துச்சு. காலையில போனவரு பொழுது சாய்ஞ்சுதான் வந்தாரு. செருப்பக் கூட கழட்டல.

"புஷ்பா. அந்த மனுசனும் பொண்டாட்டியும்... படகுலயே... இருக்காங்க. அடுப்பு இருக்கு. கட்டில் இருக்கு. நெலமே... இல்ல."

"ஐயோ பாவம்."

"பாவம் இல்ல லா! நெலம் இல்லாததாலதான்... எவனும் வந்து காலி பண்ணுன்னு சொல்ல முடியாது. வித்தாலும்... கடல எவன் விப்பான்?"

அத்தை அடுப்ப அணச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்துச்சு. அது எப்பவாச்சும்தான் நடக்கும்.

அந்த டச்சுக்காரருக்கு வயசாயிருச்சு, ஊருக்குப் போறாரு, படக விக்கப் போறாராம். அடுத்த ஞாயித்துக்கெழம எங்கப்பா காடியில எல்லாரும் லூமுட்டுக்குப் போனோம். ஃபைபர் படகு. முட்ட மாதிரி வெள்ளயா இருந்துச்சு. உள்ள எறங்குனா குளுகுளுன்னு இருக்கு. சன்னலுக்கு நீலத் திரை. அடுப்பு தொங்கிக்கிட்டு ஆடும், படகு சாஞ்சாலும் கொழம்பு கொட்டாது. அத்தை அந்த அடுப்ப ஆட்டிப் பாத்துச்சு, நிறுத்திப் பாத்துச்சு, மறுபடியும் ஆட்டிப் பாத்துச்சு. கட்டில்ல உக்காந்து, "நான் எங்கயும் வரல, நீங்கள்லாம் வீட்டுக்குப் போங்க"ன்னுச்சு.

மாமா விரல மடக்குனாரு. சுவத்துல தட்டுனாரு. டொக்.

மூஞ்சி மாறிப் போச்சு. இன்னொரு எடத்துல தட்டுனாரு. டொக்.

டச்சுக்காரரு பாசார்ல கத்துக்கிட்ட மலாய்ல, மூக்கால பேசுவாரு. கனகராஜ்ங்கற பேரு அவரு வாயில கானா. "கானா, கானா. இரும்புப் படகு பலம். ஆத்துல மரக்கட்ட வந்து முட்டுனாலும் நசுங்கும், ஒடையாது. நெசம். ஆனா இரும்பு கைக்கொழந்த. தெனம் தொடைக்கணும், தெனம் மருந்து பூசணும். ஒரு மாசம் பாக்கலன்னா உன்னய விட்டுட்டுப் போயிரும். ஃபைபர் பூன மாதிரி, கானா. அது பாட்டுக்குக் கெடக்கும்."

திரும்பி வர்றப்போ காடியில நடந்த சண்டய நான் இப்பவும் ரெண்டு கொரல்லயும் பேசிக் காட்டுவேன்.

"பிளாஸ்டிக்கு லா புஷ்பா. தண்ணி டாங்கி மாதிரி."

"தண்ணி டாங்கி எந்தம்பி வீட்டுக் கூர மேல இருபது வருசமா வெயில்ல கெடக்குது, ஓட்டயா ஆச்சு? நீங்க செஞ்ச இரும்பு கேட்டுதான் துருப்புடிச்சு என் சேலயக் கிழிச்சுச்சு."

"அடியில கொப்பளம் வருமாம். தண்ணி உள்ள எறங்கி."

"எனக்குக் கூடத்தான் கால்ல கொப்பளம். தூக்கியா போட்டுட்டீங்க?"

மாமா காடிக் கண்ணாடியத் தட்டுனாரு. அப்புறம் மெதுவா, "இரும்புன்னா... நான் ஒட்டுவேன். எங்க ஓட்ட விழுந்தாலும்... என் கையால ஒட்டுவேன். ஃபைபர்னா... எவனயோ கூப்புடணும். அவன் வரலன்னா... மறுபடியும்... நாம நடுத்தெருவுல"ன்னாரு.

அத்தை சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே, "எனக்கு இப்பவே அம்பது. எத்தன நாளு ஆவும்?"ன்னுச்சு.

"ரெண்டு வருசம் குடு."

"நீங்க எந்தம்பி வீட்டுக் கேட்டுக்கே ரெண்டு வருசம் எடுத்தீங்க."

ஆனா சரின்னுருச்சு. டச்சுக்காரரோட படக யாரோ கிள்ளான்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. அத்தை எங்கிட்ட மட்டும், "அந்த அடுப்பயாச்சும் கேட்டு வாங்கியிருக்கலாம்டா"ன்னுச்சு.

பட்டறைக்குப் பின்னால காலி எடம் இருந்துச்சு. பட்டறை மொதலாளி, சீனத் தவுக்கே, "கட்டு லா கனகராஜ், பாம்பு வராம இருந்தா சரி"ன்னுட்டாரு. மாமா வேல முடிஞ்சு அங்கயே நிப்பாரு. ஞாயித்துக்கெழமயும் அங்கதான். மொதல்ல எலும்புக்கூடு மாதிரி கம்பி, அப்புறம் மேல பிளேட்டு. வெல்டிங் சூட்டுல பிளேட்டு அப்பளம் மாதிரி நெளியும். வேற ஆளா இருந்தா பெயிண்ட் அடிச்சு மறச்சிருப்பான். மாமா வெட்டி எடுத்துட்டு மறுபடியும் ஒட்டுவாரு. பட்டறைப் பசங்க சும்மா இருப்பானுங்களா? "அண்ணே, கடல் இங்கேருந்து எம்பது கிலோமீட்டரு. கீழ நாலு டயர் போட்டுருங்க லா." "அண்ணே, டோலுக்குக் காசு படகுக்கா லாரிக்கா?" மாமா முகமூடியத் தூக்கி ஒரு பார்வ பாப்பாரு. மறுபடி எறக்கிக்குவாரு.

ரெண்டு வருசம் நாலாச்சு. கொரோனா வந்து, எம்சிஓன்னு ஊரையே அடச்சுப் பட்டறையப் பூட்டுனாங்க. படகு வேலிக்கு உள்ள, மாமா வேலிக்கு வெளிய. தெறந்து பாத்தா பாதி எடம் துரு. சுரண்டுனாரு, மொதல்லேருந்து பூசுனாரு. ஆறாவது வருசமும் பொறந்துச்சு.

அந்த வருசத்துலதான் அத்தைக்குக் கால் வீங்க ஆரம்பிச்சுச்சு. இனிப்புநீர், அதான் சக்கர வியாதி, ரொம்ப நாளாவே உண்டு. டாக்டரு கிட்னி ரெண்டும் போச்சுன்னுட்டாரு. இனிமே வாரத்துக்கு மூணு நாளு மெசின்ல ரத்தம் சுத்தம் பண்ணணும். ஒரு தடவ கூட விடக் கூடாது.

மாமா டாக்டருகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "டாக்டர்... அந்த மெசின... படகுல வெக்க முடியுமா?"

டாக்டரு சிரிக்கல. முடியாதுன்னாரு.

வெளிய வந்து காடிக்குள்ள உக்காந்தோம். மாமா ஸ்டியரிங்க தட்டிக்கிட்டே இருந்தாரு. அத்தைதான், "சரி விடுங்க. படகு எங்கயும் போவலன்னா என்ன, வீடு எங்கயாச்சும் போவுமா? கட்டி நிறுத்தி வெச்சு அதுல இருப்போம். மெசினுக்குத் தெலுக் இந்தான்ல எடமிருக்காம், நான் விசாரிச்சிட்டேன்"ன்னுச்சு. அந்த ஃபைபர் படக வாங்கியிருந்தா அஞ்சு வருசம் கடல் பூரா சுத்தியிருக்கலாம்னு அது சொல்லல. யாருமே சொல்லல. காடிக்குள்ள எல்லாருக்கும் அது தெரியும்.

தாழ்ந்த லாரியில ஏத்தி, படகத் தெலுக் இந்தான் பக்கத்துல ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் கொண்டுபோயி ஆத்துல எறக்குனாங்க. கடல் தண்ணி ஏறி எறங்கற எடம், பாதி உப்பு. படகு கட்ட சின்னதா பலக ஜெட்டி, பக்கத்து ஜெட்டியில ஜெயபாலன்னு மீன் புடிக்கிறவரு. அவரு படகு வெள்ள ஃபைபர். அவரே செஞ்சது, மத்தவங்க படகயும் ஒட்டிக் குடுப்பாரு. மாமா மொத நாளே அவரு படகத் தட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டாரு.

குடி போற அன்னிக்கு அத்தை செப்புக் கொடத்துல தண்ணியோட வந்துச்சு. மாமா கைய நீட்டி மறிச்சாரு.

"செம்பு... ஆகாது புஷ்பா. நடுவுல உப்புத்தண்ணி வந்துச்சுன்னா, செம்பு நல்லா இருக்கும், இரும்பு கரஞ்சு போயிரும். டச்சுக்காரரு சொன்னாரு. செம்பு எதுவும் ஏத்தாத."

"புது வீட்டுக்கு எவர்சில்வர் கொடத்தோட போன மொத பொம்பள நாந்தான்"னு மொனகிக்கிட்டே கொடத்த எங்கம்மா கையில குடுத்துச்சு. பால் காய்ச்சுனோம். தேங்கா ஒடச்சோம். மாமா மேல கயித்தக் கட்டிக்கிட்டு இருக்கறப்போ, அத்தை மட்டும் உள்ள தனியாப் போயி கதவச் சாத்திக்கிட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வேர்த்து விறுவிறுத்து வந்துச்சு. கையெல்லாம் மஞ்சள்.

"என்னா அத்தை பண்ணுன?"

"வெளக்கு ஏத்துனேன் போடா."

மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். வாழ்க்கையில மொத தடவயா சொந்த வீட்டுக்காரி. நானும் அதுக்கு மேல கேக்கல.

இரும்புப் படகுல இருக்கறது லேசு இல்ல. மத்தியானத்துல மேல கால் வெச்சா தோசக்கல்லு. அத்தை கோணிச்சாக்க நனைச்சுப் பரப்பும், காயும், மறுபடி நனைக்கும். ராத்திரி ஆனா கூரயிலேருந்து சொட்டுச் சொட்டா வேர்க்கும். "இட்லிச்சட்டிடா இது. நாங்க ரெண்டு பேரும் ரெண்டு இட்லி. நான் அப்பவே ஃபைபர் வாங்கச் சொன்னேன்ல?" இத ஒரு நாளைக்குப் பத்து தடவயாச்சும் சொல்லும். சாக்கு காஞ்சா சொல்லும். மாமா சுத்தியல எடுத்துக்கிட்டுத் துரு சுரண்டப் போனா சொல்லும். ஜெயபாலன் அண்ணே சும்மா மல்லாந்து படுத்திருந்தா, அவரக் காட்டிச் சொல்லும். மாமா படகுக்கு வெளிய ஸிங்க் கட்டி மாட்டியிருந்தாரு, உப்புத்தண்ணி இரும்ப விட்டுட்டு அதத் தின்னட்டும்னு. அது கரயக் கரயப் புதுசு மாட்டுவாரு. வெளிய அவ்வளவு காவல் போட்டாரு.

ஒரு சனிக்கெழம நான் போயிருந்தேன். முந்துன நாளு மெசின்ல இருந்து வந்த களைப்புல அத்தை படுத்திருந்துச்சு. நல்ல காத்து. திடீர்னு எந்திரிச்சு, "அந்தப் பாய ஏத்துங்க"ன்னுச்சு.

"கட்டியிருக்கு லா புஷ்பா. ஜெட்டியில."

"கட்டியிருக்கட்டும். ஏத்துங்க."

மாமா ஏத்துனாரு. பாய் படபடன்னு அடிச்சு, அப்புறம் காத்தப் புடிச்சு உப்புச்சு. படகு சாஞ்சு கயித்த இழுத்துச்சு. ஜெட்டி மொத்தமும் கிரீச்னுச்சு. ஜெயபாலன் அண்ணே ஓடி வந்து, "அண்ணே! ஜெட்டியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிராதீங்க லா!"ன்னு கத்துனாரு. அத்தை பின்னால உக்காந்து கண்ண மூடிக்கிட்டுச்சு. முடியெல்லாம் மூஞ்சியில.

"இப்ப எங்க இருக்கோம்?"

மாமா சுத்திலும் பாத்தாரு. சேறு, மீன் வல, ஜெயபாலன் அண்ணனோட நாயி. "பங்கோர் தீவு... தாண்டிட்டோம்."

"இப்ப?"

"நடுக்கடல்... வந்துட்டோம். கர தெரியல."

"ஒரு நாளு நெசமாவே கூட்டிட்டுப் போவணும். ஆத்து வாயத் தாண்டி அந்தப் பெரிய தண்ணி வரைக்கும். போயிட்டு உடனே வந்துரலாம், மெசினுக்கு நேரமாயிரும்."

"கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"இந்தப் படகு மேல சத்தியமா."

போவல. அடுத்த வாரம் காய்ச்சல். தெலுக் இந்தான்ல சேத்து, அங்கேருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. மாமா கட்டிலுக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. வாரக்கணக்கா படகுப் பக்கமே போவல. பாட்டரி தீந்துருமேன்னு நான் கேட்டதுக்கு, "தீரட்டும்"னாரு. ஒரு காலையில அத்தை போயிருச்சு.

ஈப்போவுலதான் எரிச்சோம். மறுநாளு சாம்பல மண்சட்டியில சேத்து, மேல வெள்ளத் துணி கட்டிக் குடுத்தாங்க. எங்கப்பா, பக்கத்துல எங்கயாச்சும் கரைச்சிரலாம்னாரு. மாமா மொத தடவயா கொரல ஒசத்துனாரு.

"படகுல. நம்ம படகுல போலாம். ஒரே தடவ. சத்தியம் பண்ணியிருக்கேன்."

அதனால எல்லாரும் ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போனோம். பூசாரி, அப்பா, அம்மா, நானு. மடியில சட்டியோட மாமா முன் சீட்டுல.

ஜெட்டிக்கு வந்து பாத்தா படகு ஒரு பக்கமா சாஞ்சு, பாதிக்கு மேல எறங்கிக் கெடக்கு. மாமா சட்டிய எங்கம்மாகிட்ட குடுத்துட்டு உள்ள குதிச்சாரு. நானும் பின்னாலயே போனேன். முழங்கால் வரைக்கும் தண்ணி. அத்தையோட தலவாணி மொதக்குது. பாட்டரி செத்து, தண்ணி எறைக்கிற பொம்பு எப்பவோ நின்னு போச்சு. ஜெயபாலன் அண்ணே அவரோட பொம்ப எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. "நேத்து வரைக்கும் நேராத்தான் லா அண்ணே நின்னுச்சு!" தண்ணி எறங்க எறங்க மாமா தரையத் தடவிக்கிட்டே போனாரு. "எங்க... எங்கேருந்து..."

அத்தை படுக்கற கட்டிலுக்கு அடியில ஒரு பலக. அதத் தூக்குனாரு.

அடிபிளேட்டு மேல, செங்கல்லு ரெண்டு பக்கமும் அண்டக் குடுத்து, மஞ்சத் துணி. துணி நைஞ்சு போயி பச்ச பச்சயா ஆயிருந்துச்சு. மாமா தொட்டதும் துணி கையோட வந்துருச்சு. உள்ள செப்புத் தகடு. கோடெல்லாம் வெட்டுனாப்ல தெளிவா இருந்துச்சு. புதுசு மாதிரி. அத எடுத்ததும் கீழேருந்து தண்ணி கொப்புளிச்சுச்சு.

மாமா விரல உள்ள விட்டுப் பாத்தாரு. சுத்திலும் பிளேட்டு ரொட்டி மாதிரி உதுருது.

செம்பு எதுவும் ஏத்தாதன்னு அத்தைகிட்ட அவ்வளவு சொன்னாரு. அத்தையும் கொடத்தத் திருப்பிக் குடுத்துச்சு, பூசச் சாமான் வரைக்கும் எவர்சில்வருக்கு மாத்திச்சு. ஆனா தகட யாரு செம்புன்னு நெனப்பா? அது சாமி. வீட்டுக்குக் காவல்.

எங்கப்பா மேலேருந்து எட்டிப் பாத்துட்டுத் தலயில அடிச்சுக்கிட்டாரு. "ஐயோ அக்கா, இப்படிப் பண்ணிட்டியே!"

"என்னா பண்ணா?" மாமா நிமிரவே இல்ல. "வீடுன்னு நம்புனா. அதானே பண்ணா?"

தகட சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. ஒரு மரக்குச்சியச் சீவி, துணியச் சுத்தி ஓட்டயில அடிச்சாரு. தண்ணி நிக்கல, கசிஞ்சுச்சு. "போதும். பொம்பு ஓடட்டும். தாங்கும். போலாம்."

"அண்ணே, வேணாண்ணே"ன்னாரு ஜெயபாலன் அண்ணே. "ஆத்து வாய்ல அலை தூக்கி அடிக்கும். குச்சி தெறிச்சிரும். பூசாரி இருக்காரு, இவங்கள்லாம் இருக்காங்க. என் படகுல வாங்க. போயிட்டு வந்துரலாம்."

"இல்ல."

"அத்தான், தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் எந்தப் படகும் போவாது"ன்னாரு அப்பா.

"இல்ல மச்சான். அவ... அவ வீட்டுலேருந்துதான் போவா. ஆறு வருசம்... அவள உக்கார வெச்சு இதக் கட்டுனேன். அந்தப் பெரிய தண்ணிக்கு... இது போவணும். இதுதான் போவணும்."

பூசாரி கடியாரத்தப் பாத்தாரு. அம்மா சட்டிய நெஞ்சோட அணச்சுக்கிட்டு அழுவுது. மாமா தண்ணிக்குள்ள குந்திக்கிட்டு அந்தக் குச்சியக் கையால அமுக்கிப் புடிச்சிருக்காரு, விரலுக்கு நடுவுல தண்ணி வழியுது. பாக்க முடியல. என் வாயி எனக்கு முன்னாலயே தெறந்துக்கிச்சு.

"நான் அப்பவே ஃபைபர் வாங்கச் சொன்னேன்ல?"

அத்தை கொரல். அதே இழுப்பு, அதே முடிப்பு. எங்கப்பா மேலேருந்து கைய நீட்டி என் மண்டயில ஒண்ணு போட்டாரு. நல்லா போட்டாரு.

மாமா என்னயப் பாத்தாரு. அவரு வாயி கோணுச்சு. சிரிப்புதான் மொதல்ல வந்துச்சு, சத்தியமா சிரிப்புதான். தோளு ரெண்டும் குலுங்குச்சு. அப்புறம் அந்த சிரிப்பு எங்கயோ மாறிப் போயி, அவரு அப்படியே தண்ணிக்குள்ள உக்காந்து வாய் விட்டு அழுதாரு. குச்சிய விட்டுட்டாரு. தண்ணி அவர சுத்தி ஏறுச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சாரு. மூஞ்சியக் கழுவுனாரு. மேல வந்து அம்மாகிட்டேருந்து சட்டிய வாங்கிக்கிட்டு, ஜெட்டியக் கடந்து, ஜெயபாலன் அண்ணன் படகுல ஏறி உக்காந்தாரு.

ஆத்து வாயத் தாண்டி, ரெண்டு பக்கமும் கர வெலகிப் போற வரைக்கும் போனோம். மாமா எதயும் தட்டல. ரெண்டு கையும் சட்டி மேல. தண்ணி பழுப்புலேருந்து பச்சயா மாறுன எடத்துல, "இது போதுமா அண்ணே?"ன்னு ஜெயபாலன் அண்ணே எஞ்சின நிறுத்துனாரு.

"இன்னும்... கொஞ்சம்."

மறுபடியும் போனோம். மறுபடியும் நிறுத்துனாரு. "இன்னும் கொஞ்சம் லா தம்பி. கர... தெரியக் கூடாது. அவகிட்ட சொல்லியிருக்கேன்." பூசாரி இப்ப கடியாரத்தப் பாக்கல. கர ஒரு கோடாத் தேஞ்சு, அப்புறம் அதுவும் இல்லாமப் போச்சு. மாமா குனிஞ்சு சட்டியத் தண்ணியில வெச்சாரு. கவுக்கல. தானா நெறஞ்சு தானா எறங்குற வரைக்கும் கையால தாங்கிப் புடிச்சிருந்தாரு.

"அந்தத் தகடயும் அக்காகூடவே விட்டுருங்க அத்தான்"னாரு அப்பா.

மாமா சட்டப் பையத் தொட்டுப் பாத்தாரு. "இது அவகூட போறதுக்கு செஞ்சது இல்ல மச்சான். வீட்டுக்கு செஞ்சது."

சாமானுக்காக வெச்சிருந்த புந்தோங் வீட்டயும் காலி பண்ணிட்டு மாமா இப்ப படகுலயேதான் இருக்காரு. சேத்துல ஏத்தி நிறுத்தி, உதுந்த எடத்த வெட்டிட்டுப் புது பிளேட்டு ஒட்டுனாரு. அவரு கையாலதான். யாரயும் கூப்புடல. எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஜெயபாலன் அண்ணனக் கூப்புட்டாரு.

போன மாசம் நான் போனப்போ கட்டில நகத்திப் பலகயத் தூக்கிக் காட்டுனாரு. புது பிளேட்டு மேல, அதே எடத்துல, கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. தகட நடுவுல வெச்சு சுத்திலும் ஃபைபர் ஊத்தி மூடியிருக்காரு ஜெயபாலன் அண்ணே. உள்ள கோடு, எழுத்து எல்லாம் தெரியுது. இனிமே எவ்வளவு தண்ணி வந்தாலும் செம்பு இரும்பத் தொடாது.

மாமா குந்தி உக்காந்து விரல மடக்குனாரு. பக்கத்துல பிளேட்டத் தட்டுனாரு. டங்கு. அப்புறம் அந்தக் கட்டியத் தட்டுனாரு. டொக். கொஞ்ச நேரம் விட்டு, மறுபடியும் மெதுவா. டொக்.

"இவ்வளவுதான் லா"ன்னாரு. "அவளுக்கு நான் வாங்கிக் குடுத்த ஃபைபர்."

பலகய மூடுனாரு. கட்டில அது எடத்துக்கு நகத்துனாரு. மேல வெயில் ஏறிக்கிட்டு இருந்துச்சு. மாமா வாளிய எடுத்துக்கிட்டுச் சாக்கு நனைக்கப் போயிட்டாரு.